‘நோய்’ என்றால் ‘வேண்டாம்’: புத்தக ஜெர்மனும் ஊர் ஜெர்மனும்

கோவைச்செவிலி | திங்கள், இரவு 10.12

ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வைக் கோவையில் எழுதித் தேறிவிட்டுத்தான் இங்கே, ஜெர்மனிக்கு வந்தேன். கேட்டல் பகுதியில் நல்ல மதிப்பெண். அந்தத் தைரியத்தில் தென்மேற்கே ஸ்வாபியப் பகுதியில், மலைமேல் இருக்கும் சிற்றூர் ஒன்றின் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாம் நாளே என் பி2 காற்றில் போனது.

தொண்ணூறைத் தொடப்போகும் ஒரு பாட்டி. இன்னொரு தலையணை வைக்கட்டுமா என்று கேட்டேன். “நோய்” என்றார். ஒரு நொடி என் தலைக்குள் தமிழ்தான் ஓடியது: நோயா, என்ன நோய்? பிறகு சுதாரித்துக்கொண்டேன். ஜெர்மனில் ‘நொய்’ என்றால் புதியது. ஆக, புதுத் தலையணை கேட்கிறார். அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தேன். மறுபடியும் “நோய்”. இது போதிய அளவு புதிதாக இல்லை போலும் என்று, உறை பிரிக்காத ஒன்றைத் தேடிக்கொண்டு வந்து நீட்டினேன். “நோய், நோய், நோய்!” என்று அவர் கையை ஆட்டியபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்தே விட்டார். உடன் வேலை செய்யும் பெண் வந்துதான் விளக்கினாள். ஸ்வாபியப் பேச்சில் ‘நைன்’ என்பதுதான் ‘நோய்’. பாட்டி முதலிலிருந்தே வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

என் கேள்வி இதுதான். புத்தகத்தில் ‘ஐ’ என்று படித்ததெல்லாம் இங்கே ‘ஓய்’ ஆகிவிடுமா? இரண்டுக்கு ‘ட்ஸ்வை’ என்று படித்தேன், இவர்கள் ‘ட்ஸ்வோய்’ என்கிறார்கள். ஆனால் மூன்று மட்டும் ‘ட்ரை’யாகவே இருக்கிறது. ‘இஸ்ட்’ என்பது ‘இஷ்’, ‘ஃபெஸ்ட்’ என்பது ‘ஃபெஷ்ட்’. இதற்கெல்லாம் விதி ஏதும் உண்டா, அல்லது வாய்க்கு வந்தபடி பேசுகிறார்களா?


ஹனோவர்வாசி | திங்கள், இரவு 10.50

உங்கள்மேல் தவறில்லை. அது கொச்சை. இங்கே வடக்கில், ஹனோவரில் கடைக்காரர் முதல் வழக்கறிஞர் வரை புத்தகத்தில் இருப்பதையே பேசுகிறார்கள். சுத்தமான ஜெர்மன் வேண்டுமென்றால் இந்த ஊருக்குப் போ என்று ஜெர்மானியர்களே சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து பராமரிப்பு வேலை செய்யும் ஒருவரிடம் பொது மொழியில் பேச வேண்டும் என்ற மரியாதை கூடவா இல்லை? மேலாளரிடம் சொல்லுங்கள். ஊர்ப்பேச்சுக்கு நேரத்தைச் செலவழிக்காமல் அடுத்த நிலையான சி1 படியுங்கள்.


ஒலிப்பித்தன் | செவ்வாய், காலை 6.35

‘சுத்தமான’ என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கிறது. வேலைக்குக் கிளம்புவதற்குள் கொஞ்சம் எழுதிவிடுகிறேன்.

முதலில் எழுத்து பற்றி ஓர் ஏற்பாடு. ஜெர்மனில் தொண்டையில் உரசி வரும் ஒலி ஒன்று உண்டு. ‘பகல்’ என்று வேகமாகச் சொல்லும்போது வரும் ககரத்தை இன்னும் அழுத்தி உரசினால் அது வரும். அதை ஆய்தம் போட்டு ‘ஃக’ என்று எழுதுகிறேன். ஆய்தத்துக்கு இப்படியாவது ஒரு வேலை கிடைக்கட்டும். ‘நான்’ என்பதற்குரிய ‘இஹ்’ என்ற சொல்லின் கடைசியில் வருவது வேறு ஒலி. ‘ய்’ சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் விட்டால் அது வந்துவிடும்.

இப்போது ஹனோவருக்கு வருவோம். பொது ஜெர்மனுக்கு ‘ஹோஃக்டாய்ச்’ என்று பெயர், அதாவது உயர் ஜெர்மன். இந்த உயர்வு தகுதியில் அல்ல, நிலத்தில். வடக்கே கடலை ஒட்டிய சமவெளி தாழ்நிலம், அங்கே பேசியது தாழ் ஜெர்மன். தெற்கே மலையும் மேடும், அங்கே பேசியது உயர் ஜெர்மன். அந்தக் கணக்கில் கோவைச்செவிலியின் பாட்டிதான் பரம்பரை உயர் ஜெர்மன்காரர். ஹனோவர் தாழ் ஜெர்மன் ஊர்.

இரண்டையும் பிரித்தது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய ஓர் ஒலிமாற்றம். தெற்கே ப, ட, க என்ற வல்லொலிகள் உரசொலிகளாக இளகின. வடக்கே இளகவில்லை. அதனால்தான் தாழ் ஜெர்மனில் ‘வாட்டர்’, ‘ஆப்பெல்’, ‘மாக்கன்’ என்று கேட்டால் ஆங்கிலம் போலவே இருக்கும். பொது ஜெர்மனில் அவை ‘வாஸர்’, ‘அப்ஃபெல்’, ‘மஃகன்’. இந்த மாக்கன்–மஃகன் எல்லை ரைன் நதியைக் கடக்கும் இடம் பென்ராத், இன்று அது ட்யூசல்டார்ஃப் நகரின் ஒரு பகுதி. மொழியியலார் அந்த எல்லைக்கே பென்ராத் கோடு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் ஹனோவர்க்காரர் எப்படிப் புத்தகம்போல் பேசுகிறார்? புத்தகத்திலிருந்து கற்றதால்தான். வடக்கத்தியருக்கு எழுத்து ஜெர்மன் ஏறக்குறைய அயல்மொழி. தேவாலயத்திலும் பள்ளியிலும் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் அது வாயில் ஏறியது. எழுத்தைப் பார்த்துப் பேசியதால் உச்சரிப்பு எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. தெற்கத்தியருக்குத் தம் சொந்தப் பேச்சே அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது, ஆகவே மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. 1898இல் தியோடர் சீப்ஸ் நாடக மேடைக்கென்று உச்சரிப்பு விதிகளைத் தொகுத்தபோது பெரும்பாலும் வடக்கத்திய ஒலிகளையே எடுத்துக்கொண்டார். ஒலிபெருக்கி இல்லாத காலம், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். இன்றைய ‘சுத்த’ உச்சரிப்பின் பிறப்பிடங்களில் ஒன்று அந்த மேடை.

அது கிடக்கட்டும். ஹனோவர்வாசி, உங்கள் ஊரில் ‘நல்ல நாள்’ சொல்லும்போது ‘தாக்’ என்கிறார்களா, ‘தஃக்’ என்கிறார்களா? குதிரைக்கு ‘ப்ஃபேர்ட்’ என்று இரண்டு ஒலியையும் சேர்த்துச் சொல்கிறார்களா, வெறும் ‘ஃபேர்ட்’ என்று விட்டுவிடுகிறார்களா? நாளைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.


இசார்க்கரை | செவ்வாய், காலை 9.20

நான் பவேரியத் தலைநகர் முனிச்சில் பத்து ஆண்டுகளாக இருக்கிறேன். அக்டோபர் விழாக் கூடாரங்களில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு “ஓவன்ஸ், ட்ஸ்வோவ, ட்ரை, க்ஸுஃபா!” என்று கத்துவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, குடி. பொது ஜெர்மனில் அது ‘ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை’. மூன்றிலும் ஒரே ‘ஐ’. பவேரியாவில் முதல் இரண்டு மட்டும் ‘ஓவ’ ஆகின்றன, மூன்றாவது அசையவில்லை. செவிலியின் கேள்வியும் இதுதானே? ‘ட்ரோவ’ என்று ஏன் யாரும் சொல்வதில்லை? இங்கே உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால், “அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்” என்பதற்கு மேல் பதில் வருவதில்லை.


ஒலிப்பித்தன் | செவ்வாய், இரவு 8.05

இதற்காகத்தான் நாள் முழுதும் காத்திருந்தேன்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் போங்கள். அன்றைக்கு இரண்டு ‘ட்ஸ்வெய்’, மூன்று ‘ட்ரீ’. அவை வேறு வேறு உயிர்கள். பிறகு நெடில் ‘ஈ’ உடைந்து ‘ஐ’ ஆகத் தொடங்கியது, தென்கிழக்கில் தொடங்கி மெல்லப் பரவியது. ‘ட்ரீ’ ‘ட்ரை’ ஆயிற்று. பழைய ‘ஹூஸ்’ (வீடு) ‘ஹவுஸ்’ ஆனதும் இதே அலையில்தான். அப்படியானால் ‘ட்ஸ்வெய்’யில் ஏற்கெனவே இருந்த பழைய உயிர் என்ன ஆயிற்று? பவேரியாவில் அது ‘ஓவ’ என்று தள்ளி நின்றுகொண்டது. ஸ்வாபியாவில் ‘ஓய்’ என்று நின்றது. புதிதாக வந்த ‘ஐ’யோடு அது கலக்கவே இல்லை. கலந்தது எழுத்து ஜெர்மனில்தான். அங்கே பழையதும் புதியதும் ஒரே எழுத்து, ஒரே ஒலி.

கலந்ததால் வந்த வினையைப் பாருங்கள். ‘வைஸ்’ என்றால் வெள்ளை. ‘இஹ் வைஸ்’ என்றால் எனக்குத் தெரியும். பொது ஜெர்மனில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும், ஒன்றுபோலவே எழுதப்படும். பவேரியர் வெள்ளையை ‘வைஸ்’ என்பார், தெரியும் என்பதை ‘வோவஸ்’ என்பார். ஸ்வாபியர் ‘வோய்ஸ்’ என்பார். பெர்லின்காரர்கூட ‘இக் வேஸ்’ என்று பிரித்துவிடுவார். உடலும் ரொட்டியும் அப்படித்தான். ‘லைப்’ என்று புத்தகம் இரண்டுக்கும் ஒரே ஒலி கொடுக்கிறது. முழு ரொட்டியைப் பவேரியர் ‘லோவப்’ என்பார், உடலை அப்படிச் சொல்லமாட்டார்.

எது கொச்சை என்று இப்போது சொல்லுங்கள். ‘கிழவி’யைக் ‘கிளவி’ என்று சொல்லிப் பழகிய ஒருவர், ழகரத்தைப் பிரித்துச் சொல்கிற கிழவியைப் பார்த்து “உனக்குப் பேசத் தெரியவில்லை” என்பது போன்றது இது.

செவிலிக்கு ஒரு குறுக்குவழி. ஆங்கிலத்தில் அதே சொல்லின் உறவை நினைத்துப் பாருங்கள். அங்கே ‘ஓ’ வந்தால் ஸ்வாபியாவில் ‘ஓய்’ எதிர்பார்க்கலாம். ஸ்டோன், பொது ஜெர்மனில் ‘ஷ்டைன்’, உங்கள் பாட்டிக்கு ‘ஷ்டோய்’. ஹோம், ‘ஹைம்’, ‘ஹோய்ம்’. நோ, ‘நைன்’, உங்கள் புகழ்பெற்ற ‘நோய்’. ஆங்கிலத்தில் ‘ஐ’ வந்தால் இங்கேயும் ‘ஐ’ தங்கிவிடும்: வைன், ஐஸ், வைட். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் முதல் மாதத்தை ஓட்ட இது போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். ‘புதியது’ என்பதற்கான ‘நொய்’, ஸ்வாபியாவின் பல ஊர்களில் ‘நை’ ஆகிவிடும். அதாவது, வேண்டாம் என்பது ‘நோய்’, புதியது என்பது ‘நை’. புத்தகத்தை அப்படியே தலைகீழாகப் பிடித்துக்கொண்டால் சரியாக இருக்கும்.


கோவைச்செவிலி | செவ்வாய், இரவு 9.30

அண்ணா, ஸ்டோன்–ஷ்டோய் விதியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இன்று ‘கால் வலிக்கிறது’ என்று ஒருவர் சொன்னபோது பாதத்தைப் பார்த்தேன், அவர் தொடையைக் காட்டினார். ‘ஃபூஸ்’ என்றால் இவர்களுக்கு இடுப்பு வரைக்குமாம். இது உச்சரிப்பு அல்ல என்று தெரியும், எங்கேயாவது சொல்லி அழ வேண்டும் போல் இருந்தது.


ஆரே நதிக்கரை | புதன், காலை 7.15

அக்கா, நீங்கள் சுவிசுக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் பிறந்தது பேர்னில். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், தெருவில் பேர்ன் பேச்சு, பள்ளிப் புத்தகத்தில் ஜேர்மன். ஆறு வயது வரை புத்தக ஜேர்மன் என்பது சிறுவர் நிகழ்ச்சிகளில் கார்ட்டூன்கள் கதைக்கிற மொழி என்றுதான் நினைத்திருந்தேன்.

மேலே ‘ட்ரீ’ ‘ட்ரை’ ஆனது என்று ஒலிப்பித்தன் எழுதியிருக்கிறார். அந்த அலை எங்களிடம் வந்து சேரவே இல்லை. எங்களுக்கு இன்னும் வீடு ‘ஹூஸ்’, நேரம் ‘ட்ஸீட்’, வைன் ‘வீ’. தெற்கே நடந்த வல்லொலி மாற்றத்தை மட்டும் நாங்கள் கடைசிவரை கொண்டுபோனோம். சொல்லின் முதலில் வரும் ‘க’கூட உரசொலி ஆகிவிட்டது. வெளியூர்க்காரரைச் சோதிக்க நாங்கள் கொடுக்கும் சொல் ‘ஃகுஃகிஃகேஷ்ட்லி’. சமையலறை அலுமாரி, அவ்வளவுதான். ஜேர்மனியிலிருந்து வருகிறவர்கள் மூன்றாவது ஃகவில் மூச்சு வாங்குவார்கள். பாசல் நகரத்தவர் மட்டும் குழந்தையைக் ‘கிண்ட்’ என்று க போட்டே சொல்வார்கள், நாங்கள் அதற்காகவே அவர்களைக் கிண்டல் செய்வோம்.

பேர்னுக்கு என்று ஒரு தனி வழக்கம் இருக்கிறது. லகரத்தை விழுங்கி ‘உ’ ஆக்குவோம். பால் என்பதற்குப் புத்தகத்தில் ‘மில்ஹ்’, எங்களிடம் ‘முயுஃக்’. எண்களிலும் ஒரு வேடிக்கை. இரண்டு ஆண்கள் என்றால் ‘ட்ஸ்வே மன்னெ’, இரண்டு பெண்கள் ‘ட்ஸ்வோ ஃப்ரோவெ’, இரண்டு குழந்தைகள் ‘ட்ஸ்வொய் ஃகிங்’. தமிழில் இருவர் வேறு, இரண்டு வேறு என்று இருக்கிறதல்லவா, அதைப் போல. ஜேர்மனியில் தொலைபேசியில் ‘ட்ஸ்வை’யும் ‘ட்ரை’யும் குழம்பாமல் இருக்க ‘ட்ஸ்வோ’ என்று சொல்வார்கள். அது அந்தப் பழைய பெண்பால் இரண்டுதான். அவர்கள் அதைத் தொலைபேசிக்கு என்று வைத்திருக்கிறார்கள், நாங்கள் பெண்களுக்கே வைத்திருக்கிறோம்.

ஹனோவர்வாசி அண்ணாவுக்கு ஒன்று. இங்கே பேராசிரியரும் பேர்ன் பேச்சுத்தான், அவருடைய அறையைக் கூட்டுகிறவரும் பேர்ன் பேச்சுத்தான். தொலைக்காட்சியில் செய்தி பொது ஜேர்மனில் வாசிக்கப்படும், அது முடிந்ததும் வானிலை சொல்கிறவர் வந்து ஊர்ப்பேச்சில் சொல்வார். ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தெரியாது. 2011இல் சூரிச் மாநிலத்தில், பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு ஊர்ப்பேச்சில்தான் கதைக்க வேண்டும் என்று மக்கள் வாக்களித்தே முடிவு செய்தார்கள். எழுதுவது ஒன்று, கதைப்பது ஒன்று என்று இருந்தால் மொழி கெட்டுவிடும் என்று தமிழர் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நாம் காலங்காலமாக அப்படித்தானே இருக்கிறோம்?

அம்மாவின் கதை வேறு. அவர் வகுப்புக்குப் போய்ப் புத்தக ஜேர்மன் படித்தார். கடையில் அவர் வாயைத் திறந்தால் கடைக்காரர் உடனே புத்தக ஜேர்மனுக்கு மாறிவிடுவார். மரியாதைதான். ஆனால் அம்மாவுக்கு அது கதவைப் பாதி சாத்தியது போல் இருக்குமாம். பக்கத்தில் நிற்கிற என்னோடு மட்டும் அவர் ஊர்ப்பேச்சில் கதைப்பார்.


லைப்சிக்_84 | புதன், மாலை 5.40

நான் 1980களில் கிழக்கு ஜெர்மனியில் படித்தவன். லைப்சிக்கில் முதல் ஆண்டு முழுதும் மொழி வகுப்பு. வகுப்பில் ஆசிரியர் பொது ஜெர்மன், விடுதிக் காவலாளி முதல் ரொட்டிக் கடை அம்மாள் வரை சாக்சன் பேச்சு. அந்தப் பேச்சைச் சொல்லி இன்றும் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கோ அதுதான் தாய்வீடு. காரணம் எளிது. சாக்சனியில் ப, ட, க ஆகிய வல்லொலிகள் எல்லாம் மெல்ல இளகிவிடும். ஒரு சொல்லை எழுத்துக் கூட்டும்போது “மெத்தென்ற பே-யா, கெட்டியான பே-யா?” என்று அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். இந்த இரண்டு எழுத்துகளையும் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் ‘பே’தான். நான் முப்பது முறை தப்பாகச் சொன்னதைக் காவலாளி ஒரு முறைகூடத் திருத்தவில்லை, அவருக்குத் தப்பாகவே தெரியவில்லை.

அந்நாளில் எல்லைக் காவலர்களைப் பற்றி ஒரு நகைச்சுவை உண்டு. மேற்கிலிருந்து வரும் காரை நிறுத்திக் காவலர் “கென்ஸெஃப்லைஷ்…” என்று தொடங்குவார். வாத்திறைச்சி! காரில் இருப்பவர், இறைச்சி எதுவும் கொண்டுவரவில்லை ஐயா என்பார். காவலர் சொன்னது ‘கொன்னன் ஸீ ஃபிலைஹ்ட்’, அதாவது ‘தயவுசெய்து பின்பெட்டியைத் திறக்கிறீர்களா’ என்பதன் தொடக்கம். வேடிக்கை மட்டும் அல்ல, சாக்சன் இலக்கணமே அதில் இருக்கிறது. முதல் எழுத்தின் வலிமை போய்விட்டது, உதடு குவித்துச் சொல்லும் ‘ஒ’ விரிந்து ‘எ’ ஆகிவிட்டது, ‘ஹ்’ என்பது ‘ஷ்’ ஆகிவிட்டது.

ஒலிப்பித்தன் சொல்லாமல் விட்ட ஒன்று. இந்தச் சிரிப்புக்குரிய சாக்சன்தான் ஒரு காலத்தில் முன்மாதிரி. மதச் சீர்திருத்தவாதி லூத்தர் பைபிளின் புதிய ஏற்பாட்டை 1522இல் ஜெர்மனில் வெளியிட்டபோது சாக்சன் அரசு அலுவலக மொழியையே அடிப்படையாகக் கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில்கூட சாக்சனியின் ‘மைசன் வட்டாரத்து ஜெர்மன்’ என்றால் மெச்சுவார்கள். பின்னாளில் பெருங்கவிஞரான ஃபிராங்க்ஃபர்ட் பையன் கோத்தே 1765இல் லைப்சிக்குப் படிக்க வந்தபோது, இந்த ஊர்க்காரர்கள் அவருடைய பேச்சைத் திருத்தினார்கள், அவருக்கு அது வலித்தது என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பிறகு பிரஷ்யா போரில் வென்று எழுந்தது, சாக்சனி தாழ்ந்தது. மொழி மாறவில்லை, படைபலம் மாறியது. அதோடு மதிப்பும் வடக்கே குடிபெயர்ந்தது.

கோத்தேயும் விட்டுக்கொடுக்கவில்லை. ஃபவுஸ்ட் நாடகத்தில் நாயகி கிரெட்ஷன் கன்னிமரியிடம் வேண்டும் இடத்தில் ‘நைகெ’ என்ற சொல்லை ‘ரைஹெ’ என்று முடியும் சொல்லோடு எதுகையாக்கியிருக்கிறார். மேடை உச்சரிப்பில் ஒட்டாது. ஃபிராங்க்ஃபர்ட் வாயில் ‘நைகெ’ ‘நைஹெ’ ஆகிவிடும், அச்சாகப் பொருந்தும். ஜெர்மன் இலக்கியத்தின் உச்சியில் ஒரு ஊர்ப்பேச்சு எதுகை உட்கார்ந்திருக்கிறது.


ஷ்ப்ரே_மாணவன் | புதன், இரவு 11.58

பெர்லினிலிருந்து. இங்கே ககரம் யகரம் ஆகிவிடும். ‘கூட்’ (நல்லது) என்றால் ‘யூட்’. நன்றாக வறுத்த வாத்து கடவுளின் நற்கொடை என்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள், அதில் உள்ள எல்லாக் கவையும் யவாக்கிச் சொல்லிக் காட்டுவார்கள். ‘இஹ்’ என்பது ‘இக்’. இளைஞர்கள் பலர் இவ்வளவு அழுத்தமாகப் பேசுவதில்லை, பஸ் ஓட்டுநர்கள் பேசுகிறார்கள். லைப்சிக் ஐயா கதையில் வாத்து, இங்கேயும் வாத்து. இவர்களுக்கும் வாத்துக்கும் என்ன உறவு என்று தெரியவில்லை.


கொலோன்_தோழி | வியாழன், காலை 8.10

கொலோனிலும் க யவாகும். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. இங்கே ‘ஹ்’ ஒலி ‘ஷ்’ பக்கம் சாய்ந்துவிடும். தேவாலயம் ‘கிர்ஹெ’, செர்ரிப்பழம் ‘கிர்ஷெ’. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் “கிர்ஷெக்குப் போகிறேன்” என்பார், நான் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.


ஹனோவர்வாசி | வியாழன், இரவு 7.45

ஒலிப்பித்தன் கேட்டதற்காக இரண்டு நாள் காதைத் தீட்டினேன். ஒப்புக்கொள்கிறேன். அலுவலகத்தில் ஒன்பது பேர், புத்தகத்தில் உள்ள ‘தாக்’கை விட்டு, ‘தஃக்’ என்றார்கள். குதிரை பற்றிப் பேச வாய்ப்பு வரவில்லை, ஆனால் ஒரு ‘பவுண்டு’ என்பதற்குரிய ‘ப்ஃபுண்ட்’ வெறும் ‘ஃபுண்ட்’ ஆகத்தான் வந்தது. கேஸ் (பாலாடைக்கட்டி) சொல்லும்போது வாயை அகலத் திறக்க வேண்டிய இடத்தில் ‘கேஸ’ என்று ஒடுக்கியே சொல்கிறார்கள்.

ஆனாலும் என் முதல் கருத்தில் பாதியை விடமாட்டேன். வரலாறு எப்படியோ போகட்டும். ஒரு செவிலி மருந்தின் அளவைக் கேட்கும் இடத்தில் ‘ட்ஸ்வோய்’ என்று காதில் விழுந்து அவர் தடுமாறினால், அது யாருக்கு ஆபத்து? பழைய உயிரொலியைக் காப்பாற்றியதற்காகப் பாட்டியை மெச்சலாம். அந்த இல்லத்தில் இருக்கும் மற்ற ஊழியர்கள் பொது மொழியில் பேசலாமே?


கோவைச்செவிலி | வியாழன், இரவு 9.15

நீங்கள் சொல்வது நியாயம் அண்ணா. ஊழியர்கள் என்னிடம் மாறிப் பேசுகிறார்கள், மருந்து விவரமெல்லாம் எழுத்தில்தான். ஆனால் பாட்டிகளிடம் அதைக் கேட்க முடியாது. மறதி முற்றிய ஒருவருக்குப் பொது ஜெர்மன் என்ற ஒன்று இருந்ததே நினைவில் இல்லை. அவரிடம் நான் புத்தகம்போல் பேசினால் டாக்டர் வந்துவிட்டார் என்று பயந்து கையை இழுத்துக்கொள்கிறார். “ஹோஷ் துர்ஷ்ட்?” (தாகமா?) என்று கேட்டால் வாயைத் திறக்கிறார். அதனால் புரிந்துகொள்ளும் வரை கற்கத்தான் போகிறேன்.

என் வாய் எதைப் பேச வேண்டும் என்பதுதான் மிச்சம். நான் ஸ்வாபிய மொழியில் பேசினால் வேடம் கட்டியது போல் இருக்கிறது.


ஒலிப்பித்தன் | வெள்ளி, காலை 6.20

பொது ஜெர்மனைத் தெற்கத்திய வாயோடு பேசுங்கள். அதில் குற்றம் இல்லை, நமக்கு லாபமும் உண்டு.

வடக்கே ‘சூரியன்’ என்பதற்கு ‘ஸொன்னெ’ என்று சொல்லும்போது முதல் ஒலி வண்டு ரீங்கரிப்பது போல் வர வேண்டும். தமிழ் வாயில் அது சுலபமாக வராது, பயிற்சி வகுப்புகளில் அதற்காகப் படாத பாடு படுத்துவார்கள். தெற்கே அதை நம் ‘ஸ’ போலவே சொல்கிறார்கள். ரகரத்தைத் தொண்டையில் கொப்பளிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பவேரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பலர் நாக்கு நுனியில்தான் உருட்டுகிறார்கள், சீப்ஸின் மேடை விதியும் முதலில் நாக்கு நுனி ரகரத்தையே கேட்டது. இருபது என்பதை ‘ட்ஸ்வன்ட்ஸிஹ்’ என்று முடிப்பது அகராதி, ‘ட்ஸ்வன்ட்ஸிக்’ என்று முடிப்பது தெற்கும் ஆஸ்திரியாவும். சீனா வடக்கே பலருக்கு ‘ஷீனா’, அகராதியில் ‘ஹீனா’, தெற்கே ‘கீனா’. எதைச் சொன்னாலும் சீனாவுக்கே போய்ச் சேரலாம்.

நீங்கள் இருக்கும் மாநிலம், பாடன்-வியூர்ட்டம்பெர்க், 1999இல் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ள வைத்த வாசகமே “எங்களால் எல்லாம் முடியும், ஹோஃக்டாய்ச் தவிர” என்பது.

ஒரு யோசனை. 1876இல் கியோர்க் வெங்கர் என்பவர் ரைன்லாந்துப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில வாக்கியங்களை அனுப்பி, உங்கள் ஊர்ப்பேச்சில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதி அனுப்பச் சொன்னார். பிறகு வாக்கியங்கள் நாற்பது என்று நிலைத்தன, கேள்வித்தாள் ஜெர்மன் பேரரசு முழுதும் போயிற்று, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி ஊர்களிலிருந்து பதில் வந்தது. மார்புர்க் நகரில் அவற்றை வைத்துத்தான் மொழி வரைபடங்களை வரைந்தார்கள். முதல் வாக்கியம், ‘குளிர்காலத்தில் காய்ந்த இலைகள் காற்றில் சுற்றிப் பறக்கின்றன’ என்பது. பாட்டியிடம் அதைக் கொடுத்துப் பாருங்களேன். நூற்றைம்பது ஆண்டு தாமதமாக இன்னொரு பதில் கிடைக்கட்டும்.


கோவைச்செவிலி | ஞாயிறு, மாலை 4.50

கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், பாட்டி நல்ல மனநிலையில் இருந்தபோது. முதலில் “எதற்கு?” என்றார். எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளை போல் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

“எம் வெண்டர் ஃப்லீயகெத் தெ ட்ருகெனெ ப்லேதர் என் தர் லுஃப்ட் ரோம்.”

‘விண்டர்’ ‘வெண்டர்’ ஆகிறது, ‘ஹெரும்’ என்பது ‘ரோம்’ ஆகிறது. நான் தாளில் தமிழ் எழுத்தில் எழுதுவதைப் பார்த்து, “இது என்ன, முறுக்கிய நூலா?” என்றார். அவர் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மடித்து மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குள் பக்கத்து மேசைக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் அவருக்கு. அந்த ஊரில் அப்படிச் சொல்லமாட்டார்களாம். ரொட்டியில் தொடங்கியது. இவர் ‘ப்ரோட்’ என்கிறார், அவர் ‘ப்ராவோட்’ என்கிறார். பனிக்கு இவர் ‘ஷ்னே’, அவர் ‘ஷ்னை’. “அவர்கள் ஊரில் எப்போதும் வாயைக் கோணிக்கொண்டுதான் பேசுவார்கள்” என்று பாட்டி என்னிடம் சத்தமாக ரகசியம் சொன்னார். அந்த அம்மா திரும்பி உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேருடைய சூப்பும் ஆறிப்போய், நான் மறுபடியும் சூடு பண்ணிக்கொண்டு வந்தேன்.

ஒலிப்பித்தன் அண்ணா, பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ‘ஓ’ எப்படி ‘ஆவோ’ ஆகிறது? நாளை எனக்குக் காலைப் பணி, இரவு வந்து படிக்கிறேன்.